குளுட்டமின் அக்கா

எங்கள் அடுக்ககச் சங்கத்தின் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே, தொழில் என்ற கட்டத்தில், "ஈ" என்று எழுதியிருக்கிறது.

எழுதியவர் சங்கச் செயலாளர். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வு பெற்ற திருநெல்வேலிக்காரர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மேனாம்பேட்டில் எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்த இரண்டாவது மாதமே செயலாளர் ஆகிவிட்டார். எதிர்த்து நிற்க யாரும் இல்லை. தண்ணீர் மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு அணைத்தது, யார் வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து உறவினர் வந்தார்கள் என்பதெல்லாம் அவருடைய நோட்டில் ஏறிவிடும்.

"என்ன வேலைம்மா பாக்கீங்க?" என்று கேட்டார்.

"ஆராய்ச்சி சார்."

"எதுல?"

"பழ ஈயோட செல்கள் குளுட்டமேட், குளுட்டமின்னு ரெண்டு அமினோ அமிலத்தை எப்படி எடுத்துப் பயன்படுத்துதுன்னு பாக்குறோம்."

பேனாவைக் கட்டத்துக்கு மேலே பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். கட்டம் சின்னது. "ஈ" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தார்.

நான் வேலை பார்ப்பது செம்பரம்பாக்கம் தாண்டி, கிடங்குகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில். பூந்தமல்லியில் பஸ் மாறிப் போகவேண்டும். அங்கே நாங்கள் வளர்ப்பது முழு ஈயைக்கூட அல்ல, ஈயின் செல்களை. எப்போதோ ஈயின் கருவிலிருந்து எடுத்தவை. அன்றிலிருந்து குடுவைக்குள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. சிறகு கிடையாது, கால் கிடையாது, எதன் மேலும் உட்காராது. அவற்றுக்கு இருபத்தைந்து டிகிரி வேண்டும். சென்னையில் அது டிசம்பரில் நாலைந்து நாள் விடியற்காலையில் கிடைப்பது. ஆகவே செல்களுக்கு வருடம் முழுக்கக் குளிரூட்டிய பெட்டி. எங்களுக்கு மின்விசிறி.

அந்தச் செல்கள் மிதக்கும் திரவத்தில் தாராளமாகக் கிடப்பவற்றில் இரண்டுதான் குளுட்டமேட்டும் குளுட்டமினும். இரண்டுக்கும் ஓர் அம்மோனியாதான் வித்தியாசம். குளுட்டமேட்டோடு அம்மோனியாவைச் சேர்த்தால் குளுட்டமின். கழற்றிவிட்டால் மறுபடி குளுட்டமேட். செல் தன் தேவைக்கு இதை அதுவாக்கும், அதை இதுவாக்கும், மிச்சமிருந்தால் எரித்து ஆற்றலாக்கிக்கொள்ளும். பழ ஈயிடம் அம்மோனியாவைச் சேர்க்கும் நொதி இரண்டு உண்டு. செல்லின் ஆற்றல் மையம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒன்று, வெளியே ஒன்று. குளுட்டமினைத் தராமல் பட்டினி போட்டால் செல் என்ன செய்து பிழைக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. நாலு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவேட்டில் ஈ ஏறியதன் பலன் அடுத்த வாரமே தெரிந்தது. குப்பைத் தொட்டிப் பக்கம் ஈ மொய்க்கிறது என்று இரண்டாம் மாடியில் இருக்கும் அம்மாள் புகார் கொடுத்தார். செயலாளர் அதை எனக்கு அனுப்பி, "கவனிக்கவும்" என்று சேர்த்திருந்தார். கீழே போனேன். இருவரும் தொட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள்.

"உங்க ஈயான்னு பாருங்கம்மா" என்றார் செயலாளர்.

"இது வீட்டு ஈ சார். எங்களது பழ ஈ."

"அப்ப உங்களது பழத்துலதான் உக்காரும்."

"எங்களது எதுலயும் உக்காராது. வெறும் செல்லுதான்."

செல் என்றதும் அவர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிக்கல் ஜிம் மாஸ்டர் மாடியேறி வந்த அன்று ஆரம்பித்தது. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில், தெருவைப் பார்த்தபடி அவருடைய ஜிம் இருக்கிறது. மண்ணூர்பேட்டைக்காரர், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். கழுத்து என்று தனியாக எதுவும் இல்லாமல் தலை நேரே தோளில் ஆரம்பிக்கும். கையில் பெயின்ட் டப்பா அளவுக்கு ஒரு கறுப்பு டப்பாவோடு வாசலில் நின்றார்.

"அக்கா, வேலையா கீறீங்களா?"

"இல்ல, சொல்லுங்க மாஸ்டர்."

"நீங்க குளுட்டமின்ல பெரிய ஆளுன்னு செயலாளர் சார் சொன்னாரு. இன்னாக்கா, இவ்ளோ நாளா மேலயே இருந்துகினு ஒரு வார்த்த சொல்லலியே."

டப்பாவைத் திருப்பிக் காட்டினார். குளுட்டமின் பொடி. தண்டால் எடுப்பவர்கள் தண்ணீரில் கலக்கிக் குடிப்பது.

"நான் பாக்குறது ஈயோட செல்லுல மாஸ்டர்."

"எதுலயோ பாக்குறீங்க இல்ல. சொல்லுங்க, இது உடம்புக்கு இன்னா பண்ணுது?"

நாலு வருடத்தில் தானாக என்னைத் தேடிவந்து குளுட்டமின் பற்றிக் கேட்ட முதல் மனிதர் அவர்தான். கல்யாண வீடுகளில் "இப்ப என்ன பண்றே" என்று கேட்பவர்கள் பழ ஈ என்று சொன்னதும் பாயசத்தின் பக்கம் திரும்பிவிடுவார்கள். இவர் திரும்பவில்லை. "ஞாபகத்துக்கு வச்சிக்கிறேன்கா" என்று போனை நீட்டிப் படம்வேறு பிடித்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினேன். வேகமாக வளர்கிற செல்லுக்குக் குளுட்டமின் ரொம்ப முக்கியம் என்றேன். அது இல்லையென்றால் வளர்ச்சி குறைந்துவிடும் என்றேன். ஆனா இது குடுவையில் இருக்கும் ஈ செல்லின் கதை, மனித உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும், பருப்பும் முட்டையும் பாலும் சாப்பிடுகிற ஆரோக்கியமான ஆளுக்கு டப்பா தேவையில்லை என்றேன். பதினோரு நிமிடம். அவர் கடைசிவரை தலையாட்டினார்.

இரண்டு நாள் கழித்து அந்த வீடியோ என் போனுக்கே வந்து சேர்ந்தது. ஒன்பது விநாடி. "வளர்ச்சி குறைஞ்சிடும்" என்பதோடு நான் முடிந்துவிடுகிறேன். பிறகு தப்பட்டை, மாஸ்டரின் புஜம், "சயின்டிஸ்ட் அக்காவே சொல்லிட்டாங்க" என்ற எழுத்து. அடுத்த வாரம் ஜிம் வாசலில் ஃப்ளெக்ஸ் வந்தது. சங்கப் பொங்கல் விழாவில் நான் கரும்பைப் பிடித்துக்கொண்டு நின்ற படம். கரும்பை எடுத்துவிட்டு டப்பாவை வைத்திருந்தார்கள். விரல்கள் மட்டும் இன்னும் கரும்பைத்தான் பிடித்திருந்தன.

நேரே உள்ளே போனேன்.

"மாஸ்டர், நான் 'ஆனா'ன்னு ஒண்ணு சொன்னேனே, அது எங்க?"

"அது லென்த்தா போய்ட்சுக்கா. ஒம்பது செகண்டுக்கு மேல எவனும் பாக்க மாட்டான்."

"ஆனாவுக்கு அப்புறம்தானே விஷயமே இருக்கு."

"நீங்க சொன்னதுல ஒரு வார்த்த நான் மாத்தல. வேணும்னா போட்டுக் காட்டட்டா?"

உண்மைதான். ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை. வெளியே வந்தேன். அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் குளுட்டமின் அக்கா.

அதைவிடப் பெரிய அடி பத்து நாள் கழித்து வீட்டுக்குள் விழுந்தது. அரிசி டிரம்முக்குப் பின்னால் அதே கறுப்பு டப்பா. என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் தரச் சோதனை பார்ப்பவர். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கூடினாலும் உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுகிற ஆள்.

"எப்ப வாங்கினீங்க?"

"போன வாரம்."

"எதுக்கு?"

"உன் போட்டோ போட்டிருந்துச்சு. நம்பி வாங்கினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன்கிட்ட கேட்டா பதினோரு நிமிஷம் ஆகும்" என்றார். மாஸ்டர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோபத்தோடுதான் மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். எங்கள் பேராசிரியை கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். நிதியை நீட்டிக்கச் சொல்லி அனுப்பவேண்டிய அறிக்கைக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. நல்ல மனுஷி, தன் அறையில் இருந்த ஒரே ஏசியையும் செல் பெட்டி இருக்கும் அறைக்கு மாற்றிக் கொடுத்தவர்.

"கடைசிப் பாராவுல கேன்சர் போட்டாச்சா?" என்று கேட்டார்.

போட்டிருந்தேன். போன தடவையும் போட்டேன், அதற்கு முந்தின தடவையும் போட்டேன். மனிதப் புற்றுநோய்ச் செல்களில் பல குளுட்டமினை அள்ளித் தின்னும் என்பது உண்மை. எங்கள் ஈ செல்களும் தின்னும் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "இந்த ஆய்வு புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் புதிய வழியைத் திறக்கக்கூடும்" என்று முடித்திருந்தேன். முகப்புப் பக்கத்தில் ஒரு மனித உருவம்கூட வைத்திருந்தேன். ஈயின் படம் எட்டாம் பக்கத்தில்தான் வரும்.

திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் குடுவைக்கும் ஒரு நோயாளியின் கட்டிலுக்கும் நடுவே எத்தனை வருடத் தூரம் என்று எனக்கே தெரியாது. அந்தத் தூரம் முழுவதையும் "கூடும்" என்ற மூன்றெழுத்தில் மடித்து வாக்கியத்தின் வாலில் ஒட்டியிருந்தேன். மாஸ்டராவது நான் சொன்னதைத்தான் வெட்டினார். நான் வெட்டவேண்டிய அவசியமே இல்லாமல் அந்த 'ஆனா'வை முதலிலேயே எழுதாமல் விட்டிருந்தேன். வரும்போது இருந்த கோபத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிட்டது. மீதிப் பாதி கரும்புக்காக.

மாஸ்டருக்கு வெற்றி தலைக்கேறியிருந்தது. எங்கள் கேட்டுக்குப் பக்கத்தில் மாலையில் ஒரு தள்ளுவண்டி நிற்கும். பூந்தமல்லியிலிருந்து வரும் பாய் ஒருவர் ஃப்ரைட் ரைஸும் நூடுல்ஸும் போடுவார். ஜிம்மில் ஒரு மணி நேரம் எடை தூக்கியவர்கள் வியர்வை காய்வதற்குள் பாயின் வண்டிக்கு வந்துவிடுவார்கள். மாஸ்டருக்கு இது ரொம்ப நாளாக உறுத்தல். பாயின் கடையில் டேஸ்டிங் சால்ட் என்று சொல்லும் வெள்ளைத் தூள் போடுகிறார்கள், அதன் பெயர் குளுட்டமேட், அது விஷம் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள். உடனே சங்கத்துக்கு மனு எழுதினார். வண்டிச் சாப்பாட்டால் குடியிருப்போருக்குத் தலைவலி, முடி உதிர்தல், ஞாபக மறதி. வண்டியை எடுக்கவேண்டும்.

செயலாளர் சனிக்கிழமை மாலை அவசரக் கூட்டம் போட்டார். அழைப்பில் "நிபுணர் உரை" என்று என்னையும் சேர்த்திருந்தார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, பூந்தமல்லியில் பஸ் மாற இறங்கியபோது பாயைப் பார்த்தேன். காய்கறிக் கடையில் முட்டைக்கோஸ் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாளிக்கு மீட்டிங்காமே மா" என்றார்.

"ஆமா பாய்."

"நீங்கதான் பேசணுமாம். நீங்க குளுட்டமின் பக்கம்னு சொல்றாங்க."

"நான் எந்தப் பக்கமும் இல்ல பாய்."

"போர்டுல கீறீங்களே மா."

அவர் ஒரு முட்டைக்கோஸைக் கையில் வைத்து எடை பார்த்துவிட்டு, "எனக்காக ஒண்ணும் சொல்ல வாணாம். உள்ளத சொல்லுங்க, போதும்" என்றார். என் பஸ் வந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை வண்டி நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். இருபது பேருக்கு ஒரு மைக். மாஸ்டர் முன்வரிசை. பாய் தூண் ஓரமாக நின்றிருந்தார். என் கணவர் கடைசி வரிசையில், ஸ்கூட்டர்களுக்குப் பக்கத்தில்.

நான் சுருக்கமாகத்தான் ஆரம்பித்தேன். குளுட்டமேட், குளுட்டமின் இரண்டுமே நம் உடம்பில் ஏற்கெனவே இருப்பவை. செல் ஒன்றை இன்னொன்றாக மாற்றிக்கொள்ளும். குளுட்டமேட் தக்காளியில் இருக்கிறது, காளானில் இருக்கிறது, தாய்ப்பாலில்கூட இருக்கிறது.

இரண்டாம் மாடி அம்மாள் எழுந்து நின்றார். "தாய்ப்பால்ல விஷம் இருக்குன்னு சொல்றீங்களா?"

"அது விஷமில்லன்னு சொல்றேன்."

மாஸ்டர் குறுக்கிட்டார். "அக்கா, அது வேற, என்னுது வேற. ஒண்ணையும் ஒண்ணையும் கலக்காதீங்க."

"நான் கலக்கல மாஸ்டர். செல்லுதான் கலக்குது. எங்க குடுவையில குளுட்டமினை நிறுத்திட்டு, குளுட்டமேட்டும் கொஞ்சம் அம்மோனியாவும் குடுத்தா, அந்தச் செல்லு தானே குளுட்டமின் செஞ்சு மெதுவா வளர்ந்துக்குது."

"அப்ப என் டப்பாவும் விஷம்ன்றீங்களா?"

"ரெண்டுமே விஷமில்ல."

"அப்ப ரெண்டுமே மருந்தா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மருந்தும் இல்ல."

கூட்டத்தில் ஏமாற்றம் பரவியது. விஷமும் இல்லை, மருந்தும் இல்லை என்றால் சனிக்கிழமை மாலை சீரியலை விட்டுவிட்டு எதற்கு வந்து உட்கார்ந்தார்கள்? செயலாளர் பேனாவோடு என் பக்கம் சாய்ந்தார்.

"ஒரு முடிவாச் சொல்லுங்கம்மா. மினிட்ஸ்ல ஏத்தணும்லா."

"நான் ஈ செல்லுல மட்டும்தான் சார் பாத்திருக்கேன். மனுஷங்களைப் பத்தி என் ஆராய்ச்சியை வச்சு எதுவும் சொல்ல முடியாது."

அவர் குனிந்து எழுதினார். அப்போதுதான் பாய் தூணை விட்டு முன்னால் வந்தார். மைக்கை வாங்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லிக்கிறேன். அந்தத் தூள நான் போட்டு எட்டு மாசம் ஆவுது. ஊட்ல சம்சாரத்துக்குப் புடிக்கல. வுட்டுட்டேன்."

இரண்டாம் மாடி அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார். "போன வாரம்கூட உங்க நூடுல்ஸ் சாப்பிட்டு எனக்குத் தலைவலி வந்துச்சே."

"அது எதுக்கு வந்துச்சோ மா."

"அதானே பார்த்தேன்" என்றார் பின்வரிசையில் ஒருவர். "எட்டு மாசமா ருசி கம்மியா இருக்கு. மறுபடியும் போடுங்க பாய்."

இரண்டு மூன்று பேர் ஆமோதித்தார்கள். மனு வந்த திசையிலேயே திரும்பிப் போய்விடும்போல் இருந்ததால் செயலாளர் அவசரமாகத் தீர்மானத்தைப் படித்தார். "நிபுணர் கருத்துப்படி மேற்படி பொருட்கள் ஈக்கு ஆகும். மனிதரைப் பற்றித் தெரியவில்லை. தள்ளுவண்டியை கேட்டிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்துவது."

என் நாலு வருட ஆராய்ச்சியைப் பற்றி இதுவரை எழுதப்பட்டதில் மிகச் சரியான வாக்கியம் அதுதான். எங்கள் அறிக்கை எதிலும் அப்படி ஒன்று கிடையாது.

கேட்டிலிருந்து பத்தடி தள்ளினால் ஜிம் வாசல். அதை யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒரு வாரம் மாஸ்டர் பாயோடு பேசவில்லை. இரண்டாவது வாரம் முட்டை வெள்ளைக்கரு பற்றி ஏதோ ஒப்பந்தம் ஆனது. மூன்றாவது வாரம் வண்டியில் "புரோட்டீன் நூடுல்ஸ்" என்று அட்டை தொங்கியது. முட்டை நூடுல்ஸில் மஞ்சள்கருவை எடுத்துவிட்டுக் கொடுக்கிறார்கள். எடுத்த மஞ்சள்கரு என்ன ஆகிறது என்று மாஸ்டரிடம் கேட்டேன். "அது ஃப்ரைட் ரைஸுக்குக்கா" என்றார். ஃப்ளெக்ஸ் அடுத்து வந்த மழையில் கிழிந்தது. புதிதாக அடித்ததில் என் இடத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். அவராவது டப்பாவை ஒழுங்காகப் பிடித்திருக்கிறார்.

கூட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமையே அறிக்கையின் கடைசிப் பாராவை மாற்றி எழுதியிருந்தேன். இது பூச்சிச் செல்லில் கண்டது, மனிதருக்குப் பொருந்துமா என்பதைத் தனியாகத்தான் ஆராயவேண்டும் என்று இரண்டு வரி. பேராசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "இப்படி எழுதினா யாரும்மா நிதி குடுப்பாங்க?" என்றார். பிறகு ஒரு வரியை எடுத்துவிட்டு ஒரு வரியை விட்டுவைத்தார். மனித உருவம் முகப்பிலேயே இருந்தது. மூன்று வருடம் கேட்டோம், ஒரு வருடம் கிடைத்தது. அந்த வரியால் குறைந்ததா, அது இருந்தும் கிடைத்ததா என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

இதற்கெல்லாம் நடுவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கூட்டம் முடிந்து மேலே வந்த பிறகு என் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அந்தச் செல்லை நான் பாக்கலாமா?" என்றார்.

கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் என் வேலையைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கூட்டிக்கொண்டு போனேன். காவலாளியைத் தவிர அங்கே யாரும் இல்லை. குடுவையை நுண்ணோக்கியின் கீழே வைத்து அவரை உட்காரச் சொன்னேன்.

"அசையவே மாட்டேங்குது."

"அசையாது."

"உயிரோடதான் இருக்கா?"

"இருக்கு. நேத்து இருந்ததைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகியிருக்கும்."

கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுல எது குளுட்டமின்?"

"அது கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததை எப்படி அளக்குற?"

எவ்வளவோ பேரிடம் எவ்வளவோ தடவை விளக்கியிருக்கிறேன். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. சொன்னேன். திரவத்தை எடுத்துத் தனித்தனியாகப் பிரித்து, தெரிந்த அளவோடு ஒப்பிட்டு, செல் எவ்வளவு எடுத்துக்கொண்டது, எவ்வளவு அம்மோனியாவை வெளியே விட்டது என்று கணக்கிடுவதைச் சொன்னேன். எத்தனை நிமிடம் ஆனது என்று பார்க்கவில்லை.

"ஒவ்வொண்ணையும் எத்தனை தடவை அளப்பே?"

"மூணு."

"நாங்க அஞ்சு" என்றார், கொஞ்சம் பெருமையாக.

செல்களுக்குப் புதுத் திரவம் மாற்றவேண்டிய நாள் அது. கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் கையை விட்டு வேலையை ஆரம்பித்தேன். அவர் எனக்குப் பின்னால் நின்றார்.

"ஞாயித்துக்கிழமையும் இதுக்குச் சாப்பாடு போடணுமா?"

"மூணு நாளைக்கு ஒரு தடவை. ஞாயிறுல விழுந்தா ஞாயிறு."

முதல் குடுவையிலிருந்து பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்தேன்.

"வீட்டுல இருக்கப் பிடிக்காமத்தான் நீ ஞாயித்துக்கிழமை கிளம்புறேன்னு நெனச்சிருந்தேன்" என்றார்.

கை கூண்டுக்குள் இருந்தது. நடுவில் திரும்ப முடியாது.

"சில ஞாயிறு அதுவும்தான்" என்றேன்.

அவர் சிரிப்பது கேட்டது. அடுத்த குடுவையை எடுத்துத் தரட்டுமா என்று கேட்டார். வெறுங்கையால் தொடக்கூடாது, கையுறை போடவேண்டும் என்றேன். தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அளவு சின்னது. விரல் பாதிதான் போயிற்று.